மலாக்காவில் தாணு அண்ணனுக்குப் போட்ட இலை

மலாக்காவுக்கு நான் போனதற்குக் காரணம் ஒரு ஜோடிச் செருப்பு. ஐம்பது வருடங்களுக்கு மேலாக யாரும் காலில் போடாத, பாசிமணி கோத்துத் தைத்த பெண்கள் செருப்பு. பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் வீட்டில், என் பட்டச் சான்றிதழ்கள் இருக்கும் இரும்புப் பெட்டியின் அடியில் அது கிடந்தது. அதை அங்கே ஒளித்து வைத்தவன் நான்.

போன வருடம் என் மனைவி செண்பகம் தொலைக்காட்சியில் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டாள். சிங்கப்பூர், மலேசியா பக்கத்துக் கதை. தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். பெரனாக்கன் என்று ஒரு சமூகம். பல தலைமுறைக்கு முன் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன சீனர்கள் அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட, அவர்கள் வழியில் வந்தவர்கள். சடங்கு சீனம், உடுப்பும் பேச்சும் மலாய். எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய பெரிய வீடுகள், பீங்கான் தட்டுகள், தங்க ஊசி குத்திய மேல்சட்டைகள் என்று கண்ணைப் பறிக்கிற தொடர். “இந்தச் சீனத்தியும் நம்மளப் போலத்தான் மாமியாருக்குப் பயந்து சாவுகா, பாத்தியளா” என்று செண்பகம் தினமும் சொல்லுவாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து பார்ப்பேன்.

ஒரு மாலை, தொடரில் புது மருமகள் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, பாசிமணியை ஒவ்வொன்றாகக் கோத்துச் செருப்பு தைத்தாள். மாமியாருக்கு. அவள் அதைக் காலில் போட்டுக்கொண்டால் மருமகளை ஏற்றுக்கொண்டாள் என்று பொருளாம். மாமியார் நெடுநேரம் பார்த்துவிட்டுக் காலை நுழைத்தாள். செண்பகம் கண்ணைத் துடைத்தாள். நான் எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.

நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் தாணு என்னைவிட எட்டு வயது மூத்தவர். மலாக்காவில் ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலைக்குப் போனார். குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள். அந்த ஊரில் செட்டி என்றொரு சமூகத்துப் பெண்ணைக் கட்டினார். அவர்களும் பெரனாக்கன்தான், ஆனால் தமிழ் வழி. பல நூறு வருடத்துக்கு முன் போன தமிழ் வணிகர்களின் சந்ததி. கும்பிடுவது சிவனையும் பிள்ளையாரையும், பேசுவது மலாய். மனைவியோடு ஊருக்கு வரட்டுமா என்று அப்பாவுக்கு அண்ணன் கடிதம் எழுதினார்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை. வருகிற கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதும் நான்தான். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார் வேலை கிடைத்து, பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலாய் பேசுகிற மதினி வந்தால் எனக்கு நல்ல இடத்தில் பெண் அமையாது என்று பயந்தேன். கல்யாணச் செய்தியை விட்டுவிட்டு மற்ற வரிகளை அப்பாவுக்கு வாசித்தேன். பிறகு அப்பா பெயரில் நானே பதில் எழுதினேன். அவளைக் கூட்டிக்கொண்டு இந்த வாசல்படி ஏறக்கூடாது என்று.

இரண்டு மாதம் கழித்து அம்மாவின் பெயருக்கு அந்தச் செருப்பு வந்தது. மறுத்த பிறகும் பரிசு அனுப்புகிறாளே, வெட்கம் கெட்டவள் என்று நினைத்தேன். ஒன்பதாவது வருடம் அண்ணன் இறந்துபோனதாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. இறந்ததை மட்டும் சொன்னேன். “ஒரு மஞ்சக்கயிறு கெட்டாமப் போனானே எம்மக்கா” என்று அம்மா அழுதாள். இன்னும் ஏழு வருடம் இருந்தாள். அந்த ஏழு வருடமும் அதையே சொல்லி அழுதாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் தை அமாவாசைக்கு முன்னோருக்கு இலை போட்டுப் படைப்போம். கல்யாணம் ஆகாமல் போனவர்களுக்கு வடக்குச் சுவரோரம் தனி இலை. அதில் வெற்றிலை பாக்கு வைப்பதில்லை. நாற்பத்து நாலு வருடமாக அண்ணனின் இலை அங்கேதான். அதைப் போடுகிறவள் என் தங்கை காந்திமதி. இராஜாக்கமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். பெரியண்ணன் என்றால் அவளுக்கு உயிர்.

இதையெல்லாம் அன்று மாலை செண்பகத்திடம் சொன்னேன். அவள் தொலைக்காட்சியை அணைத்தாள். “காந்திமதிட்ட நீங்களே சொல்லணும். அதுக்கு முன்ன அங்க போயிட்டு வாருங்க. மயினி இருக்காளோ இல்லியோ. இல்லேன்னாலும் அந்த வாசல்ல போய் நில்லுங்க” என்றாள்.

எழுபத்தெட்டு வயதில் முதல் பாஸ்போர்ட், முதல் விமானம். குற்றவாளி என்ற நினைப்போடு போகிறவன் சோகமாக அல்லவா போகவேண்டும்? உண்மையைச் சொல்கிறேன், நான் பள்ளிச் சுற்றுலா போகிற பையனைப்போல இருந்தேன். மேகத்தை மேலே இருந்து பார்த்தபோது பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பிக் காட்டினேன். அவர் ஒரு புன்னகையோடு மறுபடி தூங்கிவிட்டார்.

முதல் நாள் மலாக்காவில் எனக்குக் கிடைத்த டாக்சி ஓட்டுநர் குணா, அந்நாட்டுத் தமிழர், பேச்சின் முடிவில் ‘லா’ போடுகிறவர். செட்டி கிராமத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

“டிராமா பாத்துட்டுத்தானே வந்தீங்க ஐயா? அப்போ மொதல்ல டிராமா வீடு பாக்கணும் லா. எல்லாரும் அங்கதான் போறாங்க.”

“எனக்குச் செட்டி கிராமம்.”

“அது எங்கயும் போயிடாது ஐயா. வழியிலதான்.”

வழியில் இல்லை. ஆற்றோரத்தில் ஒரு நெரிசலான தெருவில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. தெரு முழுவதும் தொடரைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம். சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், ஒரு வெள்ளைக்காரி, எல்லாரும் கெபாயா என்கிற அந்தப் பூவேலை மேல்சட்டையையும் சாரோங் என்கிற கைலியையும் வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு, பழைய வீடுகளின் கதவருகே நின்று முகத்தைச் சோகமாக்கிப் படம் எடுத்தார்கள். கன்னியாகுமரியில் சூரியனை இரண்டு விரலில் பிடிப்பதுபோல நின்று படம் எடுக்கிற கூட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே எல்லாருக்கும் ஒரே சூரியன். இங்கே எல்லாருக்கும் அதே கதவு.

வெள்ளை வேட்டியில் நின்ற என்னையும் தொடரில் வருகிறவன் என்று நினைத்தார்களோ என்னவோ, மூன்று பெண்கள் என்னோடு நின்று படம் எடுத்தார்கள். வெயில் தாங்காமல் ஒரு மூன்றுசக்கர ரிக்ஷாவில் ஏறினேன். அது முழுக்க இளஞ்சிவப்புப் பொம்மைகள், தலைக்கு மேல் ஒரு பூனை, காலுக்கடியில் ஒலிபெருக்கி. சுசீந்திரம் தேரில்கூட அதில் பாதி அலங்காரம் இல்லை. அதில் அமர்ந்து அதிரும் பாட்டோடு இரண்டு தெரு சுற்றினேன். வாத்தியாராக இருந்த முப்பத்து மூன்று வருடத்தில் இப்படிச் சிரித்ததில்லை.

மதியம் ஒரு சாப்பாட்டுக் கடையில், “சைவம். காய்கறி மட்டும்” என்று ஆங்கிலத்தில் மூன்று முறை சொன்னேன். கடைக்காரம்மா மூன்று முறை தலையாட்டினாள். சோறும், கங்கோங் என்கிற ஒரு கீரை வதக்கலும் வந்தன. அந்தக் கீரைக்கு ஈடாக நான் எதையும் தின்றதில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். ஒருவழியாக வந்து சேர்ந்த குணா என் தட்டைப் பார்த்தார்.

“ஐயா, நீங்க சைவம்னீங்களே?”

“கீரைதானே.”

“கீரைதான். அதுல பெலாச்சான் இருக்கு லா. எறாலை அரைச்சு வெயில்ல காயவச்சுப் பண்றது.”

கடைக்காரம்மாவிடம் கேட்டோம். பெலாச்சான் உப்பு மாதிரி, அதை யார் கறி என்று சொல்வார்கள் என்று அவள் வியந்தாள். நான் கையைக் கழுவினேன். வாயைக் கழுவவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் காலை செட்டி கிராமம். கிராமம் என்று பெயரே தவிர, நகரத்துக்குள் ஒரு சின்னத் தெரு. மரமும் சிமென்டும் கலந்த தாழ்ந்த வீடுகள், வாசல் நிலையில் மாவிலை, திருநீற்றுப் பட்டை. நம் ஊர்த் தெருவை யாரோ மலாய் மொழியில் எழுதிவைத்ததுபோல இருந்தது. தொடரின் கூட்டம் இங்கேயும் வந்திருந்தது, கொஞ்சமாக. ஒரு வீட்டு முன்னால் பத்துப் பேர் வரிசை. வரிசையின் தலையில் மேசை. மேசைக்குப் பின்னால் சந்தன நிறக் கெபாயா அணிந்து, கொண்டையில் மல்லிகை வைத்த ஒரு கிழவி பலகாரம் விற்றுக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள்.

வீட்டு எண்ணைப் பார்த்தேன். அண்ணனின் கடிதத்தில் இருந்த அதே எண்.

நேராக அவளிடம் போனேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் நிமிராமலே மலாயில் ஒன்று சொல்லிக் கையைக் காட்டினாள். பின்னால் நின்ற பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: “வரிசையில் நிற்கச் சொல்கிறார்.”

நின்றேன். ஐம்பத்து மூன்று வருடம் தாமதித்தவன் பதினோராவது ஆளாக நிற்பதில் என்ன குறை? என் முறை வந்ததும் ஒரு வாழையிலைத் துண்டில் மஞ்சள் நிற உருண்டை ஒன்றை வைத்துத் தந்தாள். கண்ட கஸ்தூரி என்று அட்டையில் எழுதியிருந்தது. கடித்தேன். மேலே மொறுமொறுப்பான மாவு. உள்ளே சிறுபயறு, தேங்காய், இனிப்பு.

“முந்திரிக்கொத்து” என்றேன், என்னை அறியாமல்.

எங்கள் ஊரில் கல்யாணமானாலும் விருந்தானாலும் அதே சிறுபயற்று உருண்டைதான். அந்தப் பெயர் மதுரைக்காரருக்கே தெரியாது. கிழவி அடுத்த ஆளுக்கு நீட்டிய கையை அப்படியே நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் ஒரே மூக்கு.

“இந்திராணி” என்று உள்ளே கூப்பிட்டாள். ஐம்பது வயது இருக்கும், ஒரு பெண் வெளியே வந்தாள். அவளுக்கும் அதே மூக்கு. என் அண்ணன் மகள். பள்ளி ஆசிரியையாக இருந்தவள், நன்றாக ஆங்கிலம் பேசினாள். அதன்பின் நடந்த பேச்செல்லாம் அவள் வழியாகத்தான். தாய் மலாயில் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“இதற்கு இந்தப் பெயரைச் சொன்னவர் ஒருவர்தான். நீ யார்?”

“தாணுவின் தம்பி.”

மதினியின் பெயர் மீனாட்சி. அவள் வரிசையில் நின்ற எல்லாருக்கும் இனி இன்று விற்பனை இல்லை என்று சொல்லிவிட்டாள். மேசையை மடக்கிக்கொண்டே, “அழகாகக் கடிதம் எழுதுகிற தம்பியா?” என்று கேட்டாள். “உன் எழுத்தைப் பற்றி அவர் எப்போதும் பெருமையாகச் சொல்வார்.” தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று முழுவதும் பேச்சு. ஏன் இத்தனை வருடம் வரவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தொடரைப் பற்றிக் கேட்டேன்.

“அதில் எங்கள் ஆள் ஒருத்தி வருகிறாள். தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறாள். அவ்வளவுதான் நாங்கள்” என்றாள் மதினி.

“அம்மா, அந்தத் தொடர் வந்த பிறகுதானே உங்கள் பலகாரத்துக்கு வரிசை நிற்கிறது? என் பாசிமணி வகுப்புக்கும் இப்போதுதானே ஆள் வருகிறார்கள்?” என்றாள் இந்திராணி.

“வரட்டும். வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். தட்டைக் கொண்டுவந்தவள் வீட்டில் என்ன சமைத்தாள் என்று.”

மறுநாள் போகி. அன்றைக்குச் செட்டி வீடுகளில் பார்ச்சு; முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதற்கு அவர்கள் பெயர் அது. “நாளை நீ வரவேண்டும். அவருக்கு இலை போடுவோம்” என்று மதினி சொன்னாள். அறைக்குத் திரும்பும் வழியெல்லாம், நாளை சொல்லியே ஆகவேண்டும் என்று குணாவின் வண்டியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். செருப்பைத் துணிப்பையில் வைத்திருந்தேன். கூடத்தில் தரையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். மதினி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். என் கையெழுத்து. மை பழுத்திருந்தது.

“இது மாமனார் எழுதியது. எனக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர் மலாயில் சொன்னார், எனக்கு மனப்பாடம். ‘மருமகளுக்கு எங்கள் ஆசி. அறுப்பு முடியட்டும், அழைக்கிறோம். உன் மாமியாருக்குக் கால்வலி.’ இதைக் கேட்டுத்தான் மெத்தென்று ஒரு செருப்பு தைத்து அனுப்பினேன்.” கடிதத்தை என்னிடம் நீட்டினாள். “மாமனார் சொன்ன வார்த்தையிலேயே ஒருமுறை கேட்கவேண்டும். நீ வாசி.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் என் கடிதத்தைத் திறந்து, அதில் இருந்ததை விட்டுவிட்டு, இல்லாததை வாசித்திருக்கிறார். நான் அப்பாவுக்குச் செய்ததையே அவர் இவளுக்குச் செய்திருக்கிறார். நான் எனக்காக, அவர் அவளுக்காக.

வாசித்தேன். எழுதியிருந்தது எழுதியிருந்தபடி, வாசல்படி ஏறக்கூடாது என்பதுவரை. தமிழில் உண்மையை வாசிப்பது எளிதாக இருந்தது. அங்கே யாருக்கும் புரியாது. முடித்ததும் மதினி கண்ணை மூடித் திறந்தாள். “கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது அர்த்தம் சொல்.”

எனக்கு அவ்வளவு அழகான ஒரு பொய் தயாராக இருந்தது. அண்ணனே எழுதிக் கொடுத்த பொய். கால்வலிவரை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் போதும். மூவரும் இலை போட்டுச் சாப்பிட்டு எழுந்திருக்கலாம்.

பையிலிருந்து செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். சிவப்பு ரோஜா, பச்சை இலை, ஓரத்தில் மஞ்சள். மதினியின் முகம் மலர்ந்தது. கையில் எடுத்தாள். பிறகு திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தோல் புதிதாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

“அம்மா இதைப் பார்க்கவே இல்லை. நான் ஒளித்துவிட்டேன். இந்தக் கடிதம் அப்பா சொன்னதல்ல, நான் எழுதியது. இதில் ஆசி இல்லை” என்று தொடங்கி, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். பாதியில் இந்திராணி நிறுத்திவிட்டாள். மதினி அவளைப் பார்த்து, “சொல்” என்றாள். அவள் சொன்னாள்.

மதினி செருப்பைத் தரையில் வைத்தாள்.

“அவர் வாசித்தது இதைவிட நன்றாக இருந்தது” என்றாள்.

“ஆமாம்.”

“மாமனாருக்கு நான் இருப்பது தெரியாதா?”

“தெரியாது. மாமியாருக்கும் தெரியாது. அவர்கள் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.”

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். இந்திராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குணாவைக் கூப்பிட்டுக் கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. “அடிக்.” தம்பி என்று பொருள். “மாமியாருக்கு எது பிடிக்கும்?”

நிலைப்படியில் நின்று சொன்னேன். “அவியல். மாம்பழப் புளிசேரி.”

“என் அம்மா இறந்த வருடம், உன் அப்பா அம்மாவும் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அன்றிலிருந்து இருவருக்கும் இலை போடுகிறேன். உங்கள் வீடு சைவம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதனால் கங்கோங் கீரைதான் வைக்கிறேன்.”

“பெலாச்சான் போட்டா?”

“போடாமல் எப்படி?”

இனி இந்த வீட்டில் பொய் சொல்வதில்லை என்று இருந்தேன். பெலாச்சான் சைவம் அல்ல என்றேன். மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அது உப்பு மாதிரி” என்றாள், நேற்று முன்தினம் கடைக்காரம்மா சொன்ன அதே குரலில். என் அம்மா அவ்வளவு வருடமும் அதைத் தின்றிருக்கிறாள். நானும் இரண்டு தட்டு தின்றேன் என்று சொன்னதும், இந்திராணி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனாள். ஆனாலும் அந்த வருடம் அம்மாவின் இலைக்கு மட்டும், பெலாச்சான் இல்லாமல், என் பக்குவத்தில் ஒரு அவியல் ஆயிற்று. முருங்கைக்காய்க்கு இந்திராணி மூன்று வீடு ஏறி இறங்கினாள்.

ஐந்து இலைகள். எனக்குத் தெரியாத இருவர், மதினியின் பெற்றோர். என் அப்பா, அம்மா. நடுவில் தாணு அண்ணன். அவர் இலையில் மீன், ஆட்டுக்கறி, மிளகாயோடு இடித்த பெலாச்சான் சம்பல், ஓரத்தில் முந்திரிக்கொத்து. மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி காட்டி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். அவர்கள் சாப்பிடும்வரை வெளியே நிற்கவேண்டும். எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

மதினி அந்தச் செருப்பைக் கொண்டுவந்து, சாத்திய கதவுக்கு வெளியே வாசற்படிப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள், யாரோ கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போயிருப்பதுபோல.

அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். எங்கள் வீட்டில் அண்ணனின் இலை எங்கே இருக்கிறது என்பதை. கடிதத்துக்குக் கலங்காதவள் இதற்குச் சிவந்தாள்.

“கல்யாணம் ஆகாதவர்களோடா? இவளைப் பார். கல்யாணம் ஆகாதவருக்கா இவள் பிறந்தாள்? வெற்றிலைகூடக் கிடையாதா?”

“கிடையாது.”

“சம்பல்?”

“கிடையாது. பருப்பு, பச்சடி.”

“அவர் அங்கே வருடா வருடம் பட்டினி கிடந்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்” என்றாள். பிறகு சொன்னாள்: “என் இலைகள் இருந்தபடி இருக்கும். நீ போய் உன் இலையைத் திருத்து.” கதவைக் காட்டினாள். “மூன்று தரம் தட்டு. உன் வீட்டார் உள்ளே இருக்கிறார்கள்.”

தட்டினேன்.

நான்காம் நாள் கிளம்பும்போது ஒரு பொட்டலம் தந்தாள். பெலாச்சான். எட்டுச் சுற்று பிளாஸ்டிக் தாளுக்கு வெளியேயும் அது தன்னை அறிவித்தது. கருங்கல் என்ற ஊரின் சந்தையில் கருவாட்டுக் கடை வரிசையைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிற பரம்பரையில் வந்தவன் நான். விமானநிலையத்தில் ஒரு இளம் அதிகாரி பெட்டியைத் திறந்து, முகர்ந்து, உடனே மூடினார். “யாருக்கு?” என்றார். “அண்ணனுக்கு” என்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் தை அமாவாசை. காந்திமதி இராஜாக்கமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். படைப்பு தொடங்குமுன் அவளையும் செண்பகத்தையும் உட்காரவைத்துச் சொன்னேன். இந்த முறை எதையும் விடவில்லை. காந்திமதி என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“அம்மை அழுதப்போ நீ அங்கனதானே இருந்த?”

“இருந்தேன்.”

அதன்பிறகு அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. எழுந்து போய் வடக்குச் சுவரோரம் போட்டிருந்த இலையை எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் போட்டாள். இரண்டு வெற்றிலையைத் துடைத்துப் பாக்கோடு வைத்தாள். நான் பொட்டலத்தை எடுத்து வந்தேன்.

“இது மயினி குடுத்துவிட்டது. பெரியண்ணனுக்குப் பிடிக்குமாம். இறால் உண்டு” என்றேன்.

“அமாவாசையும் அதுவுமா, இந்த வீட்டுக்குள்ளயா?” என்றாள் செண்பகம். சொன்னாளே தவிரத் தடுக்கவில்லை. தானே கொல்லையில் செங்கல் அடுப்புக் கூட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு சுட்டு, மிளகாயோடு இடித்தாள். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்னக்கா, எலி கிலி செத்துக் கெடக்கா?” என்று கேட்டாள். “மூத்த கொழுந்தனுக்குச் சம்பல்” என்றாள் செண்பகம்.

அதை இலையில் வைக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. எனக்கும் வரவில்லை. காந்திமதி முந்தானையால் மூக்கைச் சுற்றிக்கொண்டு கிண்ணத்தை வாங்கினாள். “நாம நம்ம சைவத்தப் பாத்தா அவன் எங்க போய்த் திம்பான்” என்று சொல்லி, ஒரு பெரிய உருண்டையாகவே வைத்தாள். பிறகு செண்பகத்திடம், “அந்த மயினிக்குப் போன் போடு” என்றாள்.

திரையில் மதினி வந்தாள். அதே சந்தன நிறக் கெபாயா. காந்திமதி போனை இலைக்கு நேரே பிடித்து, அண்ணனின் இடத்தையும் வெற்றிலையையும் சம்பலையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மதினி கண்ணாடியை மூக்கில் ஏற்றி வெகுநேரம் பார்த்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. போனைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு காந்திமதி கேட்டாள்.

“மயினி, சாப்பிட்டியளா?”

இந்திராணி மலாயில் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒன்பது வருடம் அண்ணன் தினமும் மதினியிடம் கேட்ட கேள்வி அது.

“சாப்பிட்டேன், மக்கா” என்றாள் மதினி, எங்கள் ஊர்ச் சொல்லில்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். காந்திமதி எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். இன்னும் என்னிடம் பேசவில்லை. ஆனால் கதவைத் தட்டும் நேரம் வந்தபோது, ஓரடி விலகி எனக்கு வழி விட்டாள்.